புங்குடுதீவில் மச்சாள் முறைத் திருமணம்: காணியுரிமையும் மரபணுவும்

யாழ்ப்பாணத்தைச் சார்ந்த தீவுகளில் வேலணைக்கும் நயினாதீவுக்கும் இடையில் அமைந்து, ஒல்லாந்தரால் மிடில்பேர்க் எனப் பெயரிடப்பட்ட புங்குடுதீவில், ஒரு குடும்பத்தின் நிலையைத் தீர்மானித்தவை பனங்காணியும் வயலும் நன்னீர்க் கிணற்றில் அக்குடும்பத்துக்கு இருந்த பங்குமே ஆகும். நிலத்தடி நீர் பெரும்பாலும் உவராகிவிடும் இத்தகைய தீவுகளில் நல்ல கிணறு பலருக்குப் பொதுவானது. அதன் பங்கு காணி உறுதியில் தனியே எழுதப்படும் அளவுக்கு மதிப்புடையது. ஆகவே ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, அவளோடு செல்லும் வளவும் கிணற்றுப் பங்கும் எவர் கைக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதாகவே இருந்தது. நெருங்கிய உறவுத் திருமணத்தைப் பற்றி இன்று மருத்துவம் எழுப்பும் கேள்விகளுக்கு விடை தேடுவோர், குருதிக்கு முன் இந்தக் காணியைப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் வழக்கங்களை எழுத்தில் வைக்கும்படி ஒல்லாந்த ஆட்சி இட்ட கட்டளைக்கு இணங்க, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707இல் முடித்த தேசவழமை, 12 முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது. பிரித்தானியரும் 1806இல் அதைச் சட்டமாக உறுதிசெய்தனர். அத்தொகுப்பு சொல்லும் பழைய முறைப்படி, தந்தை வழிச் சொத்தாகிய முதுசம் ஆண்மக்களுக்கும், தாய் கொண்டுவந்த சீதனம் பெண்மக்களுக்கும், மணவாழ்க்கையில் ஈட்டிய தேடியதேட்டம் இருபாலார்க்கும் சேரும். போர்த்துக்கேயர் காலத்திலேயே இவ்வொழுங்கு தளர்ந்துவிட்டது என்பதையும் அதே தொகுப்பு பதிவுசெய்கிறது. பெண்ணோடு நிலம் வெளியேறும் இந்த ஏற்பாட்டில், அக்காளுக்குச் சீதனமாகப் போன வளவு, அவளுடைய மகள் தம்பியின் மகனை மணக்கும்போது மீண்டும் பழைய வட்டத்துக்குள் வந்து சேர்கிறது. மச்சாளை மணக்கும் முறைக்கு அன்பும் அறிமுகமும் காரணங்களாக இருந்தன என்பது உண்மையே எனினும், தீவின் குறுகிய நிலமும் அதற்குக் குறையாத காரணமாயிற்று.

இம்முறை எல்லையற்றதன்று. தமிழ்நாட்டின் பல சமூகங்களில் அக்காள் மகளை மணப்பது உரிமையாகவே கருதப்பட்டிருக்க, யாழ்ப்பாணத் தமிழரிடையே அது தகாத உறவு. இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டமும் உடன்பிறந்தாரின் மகளை மணப்பதைச் செல்லாததாக்கியது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் பிள்ளைகள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். அம்மானின் பிள்ளையும் மாமியின் பிள்ளையும் மட்டுமே மச்சான், மச்சாள் ஆவர்.

மரபணுக்களோ இந்த முறைப்பெயர்களை அறியா. மனித உடலின் ஒவ்வொரு மரபணுவும், சில விலக்குகள் நீங்கலாக, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இணையாக வருகிறது. இணையில் ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று வேலையைச் செய்யுமானால் அந்தப் பழுது ஒடுங்கு தன்மையுடையது எனப்படும்; அதைச் சுமப்பவருக்கு நோய் இராது, பெற்றோர் இருவரும் அதே பழுதைச் சுமப்பவராயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொதுப் பாட்டன் பாட்டியைக் கொண்ட இருவர், மச்சான் மச்சாளாயினும் அண்ணன் தங்கை முறையாயினும், தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் இப்பங்கு நான்கில் ஒன்று.

இந்தக் கணக்கு யாழ்ப்பாண வழக்கத்தின் ஓர் உள்முரணை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. மாற்றுச் சம்பந்தம் என்பது ஒரு வீட்டின் அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டின் தங்கையையும் அண்ணனையும் மாறிக் கட்டுவது. இருபுறச் சீதனமும் ஈடாகிவிடுவதால் அது விரும்பப்பட்டது. இவ்விரு தம்பதியரின் பிள்ளைகள் தாய் வழியாலும் தந்தை வழியாலும் மச்சான் மச்சாள் ஆவர். முறைப்படி அவர்கள் மணந்துகொள்ளத் தடையில்லை. ஆனால் அவர்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் மரபணுப் பங்கும் நான்கில் ஒன்றே, அதாவது சட்டமும் வழக்கமும் விலக்கிய தாய்மாமன் திருமணத்துக்குச் சமமானதே.

இத்தகைய திருமணத்தின் விளைவை அளக்கும் முயற்சி பழையது. தன் மாமன் மகளை மணந்திருந்த சார்ள்ஸ் டார்வினின் மகன் ஜோர்ஜ், 1875இல் இங்கிலாந்தில் இதை ஆராய்ந்து, தீங்கு மிகச் சிறிது என்ற முடிவுக்கு வந்தார். 1902இல் ஆர்ச்சிபால்ட் காரட், சிறுநீர் கறுக்கும் அல்காப்டன்யூரியா நோயுள்ளோரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினராக இருந்ததைக் கண்டு, மெண்டல் வகுத்த மரபுவழி விதி மனிதரிடமும் செல்லும் என்பதற்கு முதற் சான்றளித்தார். தமிழ்நாட்டின் வடஆற்காடு மாவட்டத்தில் ராவ், இன்பராஜ் ஆகிய இருவர் நடத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத் திருமணங்களில் ஏறத்தாழ 47 விழுக்காடும் நகரத் திருமணங்களில் 29 விழுக்காடும் உறவுக்குள் நடந்தவையாக இருந்தும், எதிர்பார்க்கப்பட்ட அளவுக்குக் குழந்தை இழப்பு கூடவில்லை. தலைமுறைகளாக நடந்த உறவுத் திருமணம் கொடிய பழுதுகளை முன்னரே களைந்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். எனினும், பொதுவாக 100 பிறப்புகளில் 2 அல்லது 3க்கு ஏற்படும் பிறவிக் குறை, சொந்த மச்சான் மச்சாளின் பிள்ளைகளிடம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதே இன்றைய மருத்துவ மரபியலின் மதிப்பீடு. இது அஞ்சி நடுங்கத்தக்க எண்ணன்று. ஆயினும் அத்தகைய குறையோடு பிறக்கும் பிள்ளையின் வீட்டுக்கு அது முழு வாழ்வின் பாரம்.

மச்சாளை மணப்பதை மட்டும் குற்றவாளியாக்குவதும் பொருந்தாது. யாழ்ப்பாணச் சாதியமைப்பை ஆராய்ந்த மைக்கேல் பாங்க்ஸ், 1960இல் வெளிவந்த கட்டுரையில், ஒரே சாதிக்குள்ளும் சொந்தக்காரர் என்னும் சிறு வட்டங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததை விளக்கினார். 12 வட்டாரங்களாகப் பிரிந்த புங்குடுதீவில் சாதி, வட்டாரம், சொந்தக்காரர் என மேலும் மேலும் குறுகும் அத்தகைய வட்டத்துக்குள், மச்சாள் முறையே இல்லாத தம்பதியரும் ஐந்தாறு தலைமுறைக்கு முந்திய ஒரே முன்னோரிடம் போய்ச் சேரக்கூடும். சிலரிலிருந்து பெருகிய கூட்டத்தில் அந்தச் சிலர் சுமந்த பழுது பரவலாகிவிடுவதை நிறுவுநர் விளைவு என்பர். தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, 81 குழுக்களில் இவ்விளைவு மிக வலுவாக இருப்பதைக் கண்டது. காரணம் உறவுத் திருமணத்தைவிட, தம் குழுவுக்குள்ளேயே மணக்கும் அகமண வேலியே.

இந்த மரபியல் அறிவு பிந்தி வந்ததன் விலையைப் பெண்கள் செலுத்தினர். குறையோடு பிள்ளை பிறந்தால் தாயின் சாதகமும் அவளது கருவும் பழிக்கப்பட்டன. ஒடுங்கு நோய்க்குத் தந்தையும் தாயும் சரிபாதி காரணர் என்பதை எடுத்துச் சொல்ல எவருமில்லை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியற் பிரிவு தொடங்கியதே 1983இல்தான். அதே ஆண்டு யூலை வன்செயலும் 1990களின் தொடக்கத்துப் போரும் தீவின் மக்களை ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ் நகரங்களுக்குச் சிதறடித்தன. காணி கைவிடப்பட்டது, கிணறுகள் தூர்ந்தன, சீதனம் காசாயிற்று. நிலத்தைக் காக்க எழுந்த வழக்கத்தின் அடிப்படை அத்தோடு அகன்றது. எனினும் புலம்பெயர்ந்த பல குடும்பங்கள் இன்னும் ஊரும் பகுதியும் கேட்டே சம்பந்தம் பேசுகின்றன. அந்நாடுகளின் மருத்துவர் கணவனும் மனைவியும் உறவினரா என்று கேட்கையில், மச்சான் மச்சாள் அல்லாத இருவர், ‘இல்லை’ என்று உண்மையாகவே விடை சொல்வர். இருவரின் பாட்டன்மாரும் எந்தத் தீவின் எந்த வட்டாரத்தினர் என்ற அடுத்த கேள்வியை அவர்களிடம் கேட்க அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.