மேகத்துக்கு எத்தனை வாட்ச்மேன்?

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன், போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால்.

"ஏம்ப்பா, பேங்க்காரன்லாம் இப்ப கம்ப்யூட்டரையே வாடகைக்கு எடுக்கிறானாமே? வாடகை வீட்டுல திருடு போனா யாரு பொறுப்பு, வீட்டுக்காரனா குடியிருக்கிறவனா?"

அப்பா கோவில்பட்டியில் ஒரு வங்கியில் தலைமைக் காசாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று அப்பாவிடம், ரெண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அப்படிப்பட்டவரிடம் "அதெல்லாம் அமேசான் பாத்துக்குவான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புனேயில் பொட்டி தட்டும் நான் பத்து வருஷத்துக்கும் மேலாக இந்த மேகக் காவல் வேலையில்தான் சோறு சாப்பிடுகிறேன். சரி என்று அரை மணி நேரம் கொசுவத்தி சுத்தினேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே.

கிளவுட் என்று இன்று நாம் சொல்லும் வியாபாரம் சூடு பிடித்தது 2006-ல். அந்த மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற கிடங்கைத் திறந்தது, ஆகஸ்டில் ஈசி2 என்ற வாடகைக் கணினியைத் தந்தது. வாடகைக் கணினிக்கு அன்றே ஒரு கதவு இருந்தது. செக்யூரிட்டி குரூப் என்று பெயர். நீங்களாக அனுமதிக்காத வரை வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் வீட்டுச் சாவி ஒன்றே ஒன்று. ஒரு மின்னஞ்சல், ஒரு கடவுச்சொல். டீமில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் அதே. இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் 2010-ல் சோதனையாகவும் 2011-ல் முழுமையாகவும் ஐ.ஏ.எம். வந்தது. சேர்த்து வாசித்தால் ஐயம். தமிழில் ஐயம் என்றால் சந்தேகம், இல்லீங்களா? அதன் உத்தியோகமும் அதுவேதான். யார் வந்தாலும், நீ யார், எதைத் தொட உனக்கு அனுமதி என்று சந்தேகப்படுவது :-)

சாவி தனித்தனியாகிவிட்டது. யார் எப்போது எந்தக் கதவைத் திறந்தார் என்று எழுதி வைப்பது யார்? எங்கள் சொசைட்டி வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் தடி நோட்டு மாதிரி கிளவுட்டுக்கு ஒரு நோட்டு 2013 நவம்பரில்தான் வந்தது. கிளவுட்டிரெயில். அதையும் நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்யாதவர்களில் அடியேனும் ஒருவன்.

2014 பொங்கல் சமயம். ஊருக்கு ரயில் ஏறும் அவசரத்தில் ஒரு சின்ன நிரலை, எல்லோரும் பார்க்கக்கூடிய கோடு கிடங்கில் ஏற்றிவிட்டேன். அதற்குள் எங்கள் கம்பெனி கணக்கின் ரகசிய சாவி அப்படியே இருந்தது. நம்மூர்க்காரன் எவனும் பார்க்கவில்லை. ஆனால் இதற்காகவே கிடங்கு கிடங்காகத் துழாவும் ரோபோக்கள் உண்டு. ரயில் சோலாப்பூர் தாண்டுவதற்குள் அது பார்த்துவிட்டது போல. எங்கள் கணினிகள் இருந்தது சிங்கப்பூரில். வந்தவன் அமெரிக்கா, அயர்லாந்து, டோக்கியோ, பிரேசில் என்று நாங்கள் எட்டியே பார்க்காத ஊர்களிலெல்லாம் பெரிய கணினிகளை எடுத்து டிஜிட்டல் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மாட்டுப்பொங்கல் அன்று மேனேஜர் போன் செய்தபோது பில் 4,000 டாலரைத் தாண்டியிருந்தது.

பணத்தைவிடப் பெரிய தலைவலி அடுத்த கேள்வி. வந்தவன் நாணயம் மட்டும்தான் தோண்டினானா, வாடிக்கையாளர் தகவலையும் எடுத்தானா? நோட்டில்லை. பதிலும் இல்லை. வேலை போகவில்லை, ஆனால் ஒரு மாதம் தூக்கம் போயிற்று. தங்கமணிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளிடம்கூட ரெண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

அதே வருஷம் ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனிக்கு நடந்ததைப் படித்தபோது என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பிறருடைய நிரல்களைப் பத்திரமாக வைத்துத் தருவதுதான் அவர்கள் தொழில். ஒருவன் அவர்களுடைய கிளவுட் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து பணம் கேட்டான். இவர்கள் கடவுச்சொல்லை மாற்றினார்கள். அவன் ஏற்கெனவே தனக்கென்று வேறு கணக்குகளை உள்ளே உருவாக்கி வைத்திருந்தான். கோபத்தில் கணினிகள், கிடங்குகள், நகல்கள் என்று அழிக்கத் தொடங்கினான். 12 மணி நேரத்தில் பெரும்பகுதி காலி. கம்பெனியையே மூடிவிட்டார்கள். மூலமும் நகலும் ஒரே சாவியின் கீழ் இருந்தன. அப்பா இந்த இடத்தில் "ரெட்டைச் சாவி இல்லாம என்னடா ஸ்ட்ராங் ரூமு?" என்றார். ஐம்பது வருஷப் பழைய கேள்வி!

பிறகு வரிசையாக ஆட்கள் வந்தார்கள். 2014 நவம்பரில் கே.எம்.எஸ்., தகவலைப் பூட்டும் சாவிகளைப் பாதுகாக்க. 2015-ல் வாஃப், வலைத்தளத்துக்கு வரும் கோரிக்கைக்குள் விஷமம் ஒளிந்திருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பவர். 2016 டிசம்பரில் ஷீல்டு, கூட்டமாக வந்து வாசலை அடைப்பவர்களைச் சமாளிக்க. 2015 டிசம்பரில் சத்தமில்லாமல் இன்னொரு வசதியும் வந்தது. கிளவுட்டிரெயில் நோட்டை எல்லா ஊருக்கும் ஒரே சொடுக்கில் ஆன் செய்யலாம். எனக்கு அதில்தான் கண் கலங்கியது. 2017 ஆகஸ்டிலிருந்து எல்லா வாடிக்கையாளருக்கும் தானாகவே ஆன்.

நோட்டு எழுதினால் போதுமா? யார் வாசிப்பது? எங்கள் சொசைட்டி நோட்டில் பைக் திருடனே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது மறுநாள்தான் தெரிந்தது. அந்த வாசிக்கும் வேலைக்கு வந்தவர்தான் கார்டுட்யூட்டி, 2017 நவம்பரில். சிங்கப்பூரை விட்டு நகராத ஆள் திடீரென்று பிரேசிலில் கணினி எடுத்தால் மணி அடிப்பார். அவர் தடுக்க மாட்டார், சொல்வார், அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த மேசி, கிடங்கில் எந்தப் பெட்டியில் நகை, எதில் பழைய பேப்பர் என்று பிரித்துச் சொல்பவர். இந்த வித்தியாசம் புரியாமல் "எல்லாத்தையும் வாங்கிட்டோம் சார், இனி கவலையில்லை" என்கிற மேனேஜர்களை இன்றும் சந்திக்கிறேன்.

கிடங்கில் நடந்தது தனிக் கூத்து. எஸ்3-ல் "அடையாளம் உறுதியான பயனர்கள்" என்று ஒரு அனுமதி. நம் கம்பெனி ஆட்கள்தான் என்று நினைத்துப் பலர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையில் அமேசான் கிளவுட் கணக்கு வைத்திருக்கும் உலகத்தார் யாரும் பார்க்கலாம்! 2018 நவம்பரில் பொது அனுமதியை மொத்தமாக அடைக்கும் வசதி வந்தது. புதிய கிடங்குகள் பிறக்கும்போதே அடைத்தபடி வருவது 2023 ஏப்ரலில் இருந்துதான். பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்க.

அப்பாவின் கேள்விக்கு நேரான பதில் கேபிடல் ஒன் வங்கி கதையில் இருக்கிறது. 2019 மார்ச்சில் அமேசான் கிளவுட்டில் இருந்த அவர்களுடைய தகவல் களவு போனது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேர். வங்கி வைத்திருந்த ஒரு ஃபயர்வால் சரியாக அமைக்கப்படவில்லை. உள்ளே இருக்கும் கணினி மட்டும் கேட்டுப் பெறவேண்டிய தற்காலிகச் சாவியை, அந்தக் காவல்காரர் வாயாலேயே கேட்க வைத்து வெளியிலிருந்து வாங்கிவிட்டார்கள். அந்தச் சாவிக்கு 700-க்கும் மேற்பட்ட கிடங்குகளின் பட்டியல் தெரிந்தது. தகவல் பூட்டித்தான் இருந்தது. ஆனால் உள்ளே போன விதத்தில் பூட்டும் சேர்ந்தே திறந்துகொண்டது. லாக்கர் சாவியை வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டினால் என்ன ஆகும்? நோட்டிலும் எல்லாம் பதிவாகியிருந்தது. இருந்தும் வங்கிக்குத் தெரிந்தது ஜூலையில், வெளியாள் ஒருவர் போட்ட மின்னஞ்சலால். அமெரிக்க அரசு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது, வங்கிக்கு, 2020-ல். 2019 நவம்பரில் அந்தத் தற்காலிகச் சாவியைக் கேட்கும் முறையை அமேசான் இறுக்கியது. எப்போது? களவு போன பிறகு.

நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது: களவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், நோட்டை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2014-ல் இது இருந்திருந்தால் என் கதி அதோகதி.

"அப்ப குடியிருக்கிறவன்தான் பொறுப்பு" என்றார் அப்பா. கட்டடம், கரண்ட், கணினி இதெல்லாம் வீட்டுக்காரன் பொறுப்புதான், உள்ளே எந்தப் பொருள், யாரிடம் சாவி என்பது நம்முடையது என்றேன். பேச்சுவாக்கில் அந்தப் பொங்கல் கதையையும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரியாது. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "எண்பத்தேழுல ஒரு நாள் ஸ்ட்ராங் ரூம் சாவியைச் சட்டைப் பையோட சலவைக்குப் போட்டுட்டேன். கடைக்காரர் ராத்திரியே கொண்டாந்து குடுத்துட்டாரு. உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."