குளிர்காலத்தின் வருகைப் பதிவேடு

ஜப்பானின் நடுவே, நாகானோ மாகாணத்து மலைகளுக்கு இடையில், கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில் சுவா என்றொரு ஏரி இருக்கிறது. ஜனவரி பிறந்து ஐந்தாறு நாள் ஆனதும், அங்கே தினமும் விடியற்காலையில் ஷின்தோ கோயில் பூசாரி ஒருவர் ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வருகிறார். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பனிக்கட்டி படிந்திருந்தால் உடைத்து அதன் கனத்தை அளக்கிறார்கள். பிப்ரவரி தொடக்கம் வரை இதே வேலைதான்.

அவர்கள் எதிர்பார்ப்பது ஏரி உறைவதை மட்டுமல்ல, அதற்குப் பிறகு நடப்பதையும்தான். ஏரி முழுக்க உறைந்த பின், இரவுக் குளிரில் பனித்தகடு சுருங்கி விரிசல் விடும். விரிசலில் ஏறும் தண்ணீரும் உறைந்துவிடும். காலை வெயிலில் தகடு மறுபடி விரியப் பார்க்கும், ஆனால் இடமிருக்காது. இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு, பெரும் சத்தத்தோடு ஒரு பனிவரப்பு எழும்பும். ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அது நீண்டு கிடக்கும்.

இதற்கு ஒமிவத்தாரி என்று பெயர். கடவுள் கடந்து போன தடம் என்று பொருள். தென்கரைக் கோயிலில் இருக்கும் தாக்கெமினகத்தா என்ற ஆண் தெய்வம், வடகரையில் இருக்கும் மனைவி யாசகத்தோமேவைப் பார்க்க ராத்திரியோடு ராத்திரியாக ஏரி மேல் நடந்து போகிறதாம். நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டு உறையூர் நாச்சியாரைப் பார்க்கப் போகும் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது.

கடவுள் எப்போது கடந்து போனார் என்பதைப் பூசாரிகள் எழுதி வைத்தார்கள். தொடர்ச்சியான பதிவு 1443ல் ஆரம்பிக்கிறது. அப்போது விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆண்டுகொண்டிருந்தார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வர இன்னும் 55 வருஷம் இருந்தது. ஃபாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்ததே 1714லதான். அதாவது, குளிரை அளக்க ஒழுங்கான கருவி எதுவும் வருவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் முன்பே இங்கே குளிருக்கு ஒரு வருகைப் பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானின் நீண்ட உள்நாட்டுப் போர்க்காலத்தையும் தாண்டி அது வந்திருக்கிறது.

அவர்கள் விஞ்ஞானத்துக்காக எழுதவில்லை. வரப்பு எந்தத் திசையில் ஓடியது என்று பார்த்து, அதே மாதிரி ஓடிய பழைய வருஷங்களின் பதிவைப் புரட்டி, இந்த வருஷம் விளைச்சல் எப்படி, ஊருக்கு நல்லதா கெட்டதா என்று குறி சொன்னார்கள். குளிர்காலத்தை அவர்கள் சகித்துக்கொண்டு கிடக்கவில்லை, ஒரு விருந்தாளி போல எதிர்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தவர் எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார் என்பதை யாரும் மறப்பதில்லையே.

டேட்டாவோடு பிழைப்பு நடத்துகிற ஆள் என்பதால் எனக்கு இதில் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. ஒரு சாதாரண சர்வரில் ஐந்து வருஷத்து லாக் முழுசாகக் கிடைத்தாலே நாங்கள் சந்தோஷப்படுவோம். இங்கே கிட்டத்தட்ட 580 வருஷம்! சுத்தமான டேட்டா என்றும் சொல்லிவிட முடியாது. 1873ல் ஜப்பான் பழைய சந்திர-சூரிய நாட்காட்டியை விட்டு கிரெகோரியன் முறைக்கு மாறியது. எனவே பழைய தேதிகளையெல்லாம் மாற்றிக் கணக்கிட வேண்டும். நடுவில் ஒரு நீண்ட பகுதியை ஆய்வாளர்கள் ஜாக்கிரதையாகத்தான் கையாள்கிறார்கள். ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவை மாற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

அப்படியும் அது சொல்லும் சேதி தெளிவானது. 2016ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பதிவின் முதல் 250 வருஷங்களில் ஏரி உறையாமல் போனது மூன்றே தடவை. 1955 முதல் 2004 வரையிலான ஐம்பது வருஷங்களில் 12 தடவை. அடுத்த பத்தே வருஷங்களில் ஐந்து தடவை.

இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம் ஒரு சின்ன வழக்கம். கடவுள் தடம் விழாத வருஷத்துக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அக்கே நோ உமி, அதாவது திறந்து கிடக்கும் கடல். பருவம் முடிந்ததும் பூசாரி அதை முறைப்படி அறிவித்துப் பதிவேட்டிலும் எழுதுகிறார். டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால், ‘இல்லை’ என்று எழுதுவதும் கட்டத்தைக் காலியாக விடுவதும் ஒன்றல்ல. காலிக் கட்டத்தைப் பார்த்தால், வந்தவர் வரவில்லையா, எழுதுகிறவர் வரவில்லையா என்று தெரியாது. ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தால் ஒன்று மட்டும் உறுதி. அன்றைக்குக் கரையில் யாரோ ஒருவர் காத்திருந்தார்.

கடைசியாகத் தடம் விழுந்தது 2018ல். அடுத்து 2025 வரை ஏழு குளிர்காலமும் திறந்த கடல்தான். முன்னோர்கள் எப்போதாவது எழுதிய ஒரு வரியை இப்போதைய பூசாரி வருஷா வருஷம் எழுத வேண்டியிருக்கிறது. வராமலே போய்விடக்கூடிய ஒருவருக்காக விடியற்காலைக் குளிரில் எத்தனை வருஷம் நிற்க முடியும்? அது பக்தியா, பிடிவாதமா, இல்லை துக்கம் காப்பதா? மூன்றும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடமும் குளிருக்குச் சொற்கள் உண்டு. தொல்காப்பியம் பிரிக்கும் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்று பனிக்கே இரண்டு. ஆனால் இன்றைக்கு நமக்கு மார்கழி நாட்காட்டியில் வருகிறது. குளிர்ந்தாலும் குளிராவிட்டாலும் ஒன்றாம் தேதி கோலம் போட்டுவிடுவோம். முதல் பனிமூட்டம் என்றைக்கு இறங்கியது என்று எங்கள் ஊரில் யாரும் எழுதி வைத்ததில்லை. “இப்பெல்லாம் அந்தக் குளிர் எங்கப்பா இருக்கு” என்று பெரியவர்கள் டீக்கடையில் சொல்லும்போது, அது வெறும் வயசான புலம்பலா, இல்லை உண்மையான தகவலா என்று சரிபார்க்க வழியே இல்லை.

அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒரு நோட்டும், வருஷம் தவறாமல் வாசலில் நின்று பார்க்க ஓர் ஆளும் இருந்திருந்தாலே போதும்.