பெண்ணின் வாய்மொழியும் ஓமோன் மருந்தின் வரலாறும்

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையில், வில்பத்துக் காட்டின் தென்னெல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் எலுவன்குளம். கலா ஓயா கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அதனைச் சூழ்ந்த கண்டற்காடும் அதற்கு அண்மையில் உள்ளன. மருத்துவச் சரித்திரம் எழுதுவோர் இத்தகைய ஊர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் ஆய்வுகூடத்திற் பிரித்தெடுத்த ஒரு பொருள் இத்தகைய கரையோரக் கிராமங்களையும் வந்தடைந்துவிட்டது. நாள்தோறும் விழுங்கும் மாத்திரையாகவும், மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசியாகவும், மேற்கையின் தோலுக்கடியிற் பதிக்கும் சிறு குச்சியாகவும் அது வருகின்றது. அதன் பெயர் ஓமோன்.

ஓமோன் மருந்து உடலை என்ன செய்கின்றது என்பது பற்றி நூல்கள் பல உள. மனத்தை என்ன செய்கின்றது என்பது பற்றியோ நெடுங்காலம் மௌனமே நிலவிற்று. "அந்தரமாய்க் கிடக்குது", "நெஞ்சு பதைக்குது", "காரணமில்லாமல் அழுகை வருகுது" என்று நம் பெண்கள் கூறுவதுண்டு. இச்சொற்கள் மருத்துவனின் ஏட்டில் ஏறினவா? ஏறவில்லையெனில் ஏன் ஏறவில்லை? இவ்வினாவை முன்வைத்து ஓமோன் மருந்தின் வரலாற்றை நோக்குவது பயனுடைத்து என நாம் கருதுகின்றோம்.

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். தமிழ் இலக்கண மரபு பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தது. பேதையில் தொடங்கும் அவ்வரிசை பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகின்றது. பேரிளம்பெண்ணின் வயதெல்லை நாற்பது. அதற்குப் பின் பெண்ணுக்குப் பருவம் இல்லை. உலாப் பாடிய புலவனுக்கு அவள் தேவைப்படவில்லை. நம் ஊர் வழக்கும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. பெண் பெரிய பிள்ளையானால் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கின்றோம், சடங்கு செய்கின்றோம், ஊரைக் கூட்டுகின்றோம். மாதவிலக்கு நிற்கும் காலத்திலோ, உடல் கொதித்து உறக்கம் கெட்டு மனம் தளும்பும் அந்த ஆண்டுகளிலோ, அவளுக்குக் களியுமில்லை, கனிவான சொல்லுமில்லை. பிள்ளை பெறும் ஆற்றலே பெண்ணின் மதிப்பென்று கொண்ட சமுதாயம், அவ்வாற்றல் தொடங்கும்போது கொண்டாடிற்று; முடியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேனாட்டு மருத்துவம் இதனினும் நாகரிகமாக நடந்துகொண்டது என எண்ணுவோர் ஏமாறுவர். நடுவயதைத் தாண்டியோரைப் பற்றும் மனச்சோர்வுக்கு ஜேர்மானிய மனநோய் மருத்துவர் எமில் கிரெப்பெலின் 1896இல் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். அந்நோய் நாளடைவில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே உரியதெனப் பேசப்படலாயிற்று. அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அது 1980 வரை இடம்பெற்றிருந்தது. நம் வீட்டில் பெண்ணின் அந்தப் பருவத்துக்குப் பெயரே இல்லை. அவர்கள் நாட்டிலோ அது நோயின் பெயராயிற்று.

இதற்கிடையில் விஞ்ஞானம் முன்னேறிற்று. 1905இல் இங்கிலாந்தின் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் ஓமோன் என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்தார். 1929இல் அமெரிக்காவில் எட்வர்ட் டொய்சியும், ஜேர்மனியில் அடோல்ஃப் பூட்டெனான்ட்டும் ஈஸ்திரன் என்னும் பெண்ணோமோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1930களிலேயே நடுவயதுப் பெண்களின் மனச்சோர்வைத் தீர்க்க அதனை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தனர். சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட பிரெமரின் மாத்திரை 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

இக்கண்டுபிடிப்புகளின் பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. உடலின் இரசாயனத்துக்கும் உள்ளத்தின் நிலைக்கும் தொடர்புண்டு என்பதை அவை காட்டின. ஆனால் கண்டவன் ஒருவன், விற்றவன் இன்னொருவன். 1966இல் நியூயோர்க் மருத்துவர் ரொபர்ட் வில்சன் எழுதிய நூலொன்று, மாதவிலக்கு நிற்றலை ஒரு குறைபாட்டு நோயெனவே வருணித்தது. ஓமோனை உண்ணும் பெண் என்றும் இளமையாய் இருப்பாள், சிடுசிடுப்பின்றிக் கணவனுக்கு இனியவளாய் இருப்பாள் என்பது அதன் சாரம். பெண்ணின் துயரம் தீர்வதைக் காட்டிலும் அவளது துயரம் பிறருக்குத் தொல்லையாகாதிருத்தலே அங்கு பெரிதாயிற்று. அந்நூலாசிரியருக்கு மருந்துக் கம்பெனியின் பணம் கிடைத்தமை பின்னர் வெளியாயிற்று. 1975இல், ஈஸ்திரஜனைத் தனியே உண்ட பெண்களிடையே கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டின.

கருத்தடை மாத்திரையின் கதை இதன் மறுபக்கம். அதன் மூலவர்களுள் ஒருவரான கிரெகரி பின்கஸ், மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைபட்டிருந்தோர் மீதும் மருந்தைச் சோதித்தார். 1956இல் புவர்ட்டோ ரிக்கோத் தீவில் ஏழை மக்களின் குடியிருப்பொன்றிற் பெருஞ்சோதனை தொடங்கிற்று. அதனை அங்கு நடத்திய பெண் மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே. மருந்து கருவைத் தடுக்கின்றது, ஆனால் 17 சதவீதப் பெண்கள் தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி முதலிய உபாதைகளைக் கூறுகின்றனர், எனவே இது பொதுப் பயனுக்கு ஏற்றதன்று என அவர் எழுதினார். மேலிடத்தார் அதனை ஏற்கவில்லை. உபாதைகள் பெரும்பாலும் மனத்தின் கற்பனை என்றனர். எச்சரிக்கையோடு வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்களும் அதே உபாதைகளைக் கூறினர் என்பது அவர்கள் காட்டிய சான்று.

அச்சம் உபாதையைத் தோற்றுவிக்கும் என்பது மெய்யே. ஆனால் அம்மாத்திரையில் என்ன இருந்தது? எனோவிட் என்னும் அதன் முதல் வடிவில் புரொஜெஸ்டரோனை ஒத்த பொருள் ஏறத்தாழ 10 மில்லிகிராமும், ஈஸ்திரஜன் வகைப் பொருள் 150 மைக்ரோகிராமும் இருந்தன. இன்றைய மாத்திரைகளில் ஈஸ்திரஜன் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராமே. அளவை இவ்வாறு குறைத்தபின் உபாதைகளும் குறைந்தன. அன்று அப்பெண்கள் கூறியது வெறும் கற்பனையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கு ஒரு முரண்பாட்டை வாசகர் கவனித்தல் வேண்டும். மருந்தை விற்கவேண்டியபோது, பெண்ணின் மனம் ஓமோனால் ஆக்கப்பட்டது என்றனர். மருந்தின்மீது பெண் குறை கூறியபோது, மனத்துக்கும் ஓமோனுக்கும் தொடர்பில்லை, எல்லாம் அவள் நினைப்பு என்றனர். இரண்டு கூற்றுகளும் ஒரே காலத்தில், ஒரே தொழிலின் வாயிலிருந்து வந்தன.

இலங்கையின் வரலாறு சற்று வேறுபட்டது. இங்கு கருத்தடை இயக்கத்தை வளர்த்தவர்களுள் பெண்களே முன்னின்றனர். கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, கொழும்பில் வைத்தியம் புரிந்த மேரி இரத்தினம் அம்மையாரும், சில்வியா பெர்னாண்டோவும் அவர்களிற் குறிப்பிடத்தக்கவர்கள். 1953இல் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றிற்று. 1958இல் இலங்கையும் சுவீடனும் குடும்பத்திட்ட உதவிக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. 1960களின் தொடக்கத்தில் வைத்தியர் சிவா சின்னத்தம்பி அம்மையார் இந்நாட்டுப் பெண்களிடையே மாத்திரையின் பயனை ஆராய்ந்தார். 1965இல் அரசு குடும்பத்திட்டத்தைத் தன் சுகாதாரச் சேவையின் பகுதியாக்கிற்று. 1926இல் களுத்துறையில் முதன்முதல் அமைந்த சுகாதாரப் பிரிவின் வழிவந்த மருத்துவமாதுகள், வீடு வீடாகச் சென்று அதனைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்த்தனர்.

ஆண்டுதோறும் பிள்ளை பெற்று உருக்குலைந்த தாய்மாருக்கு இஃது ஒரு விடுதலையே. எத்தனை பிள்ளை பெறுவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையின்றிப் பெண்விடுதலை பேசுதல் வீண். ஆதலால் மருந்தை மறுப்பாரோடு நாம் சேர்ந்துகொள்ள மாட்டோம். ஆனால் உரிமை என்பது ஊசியைப் பெறுவதோடு முடிவதில்லை; ஊசி தன்னை என்ன செய்தது என்று சொல்வதும், சொன்னதை ஒருவர் கேட்பதும் அதில் அடங்கும்.

இதனை இந்தியப் பெண்கள் போராடி உணர்த்தினர். 1985இல் ஹைதராபாத்துக்கு அண்மையிலுள்ள பட்டஞ்செருவில் நெட்-என் என்னும் கருத்தடை ஊசியைச் சோதிக்க ஏழைப் பெண்கள் அழைத்து வரப்பட்டனர். இது சோதனை என்பதைப் பெண்கள் அமைப்பினர் எடுத்துக் கூறியதும் பலர் எழுந்து சென்றுவிட்டனர். 1986இல் ஸ்திரீ சக்தி சங்கட்டனா, சஹேலி முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அறிந்து இசைதல் என்பதே அவ்வழக்கின் உயிர்நாடி. அமெரிக்காவிலும் 1970இல் செனட் சபை மாத்திரையின் தீங்குகளை விசாரித்தபோது, மாத்திரை உண்ட பெண்களில் ஒருவரையேனும் சாட்சியாக அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த இளம்பெண்கள் எழுந்து அதனைக் கேட்டனர். அவ்வாண்டிலேயே மாத்திரையோடு விளக்கத் துண்டும் இணைக்கப்படலாயிற்று.

அக்கிளர்ச்சிகளின் பின் விஞ்ஞானம் காது கொடுக்கத் தொடங்கிற்று எனலாம். 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வு, 15 முதல் 34 வயதுவரையான பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பரிசீலித்தது. ஓமோன் கருத்தடை பயன்படுத்தியோர் மனச்சோர்வு மருந்தை முதன்முதல் நாடுவது சற்று மிகுந்திருந்தது. 15 முதல் 19 வயதினரிடை அது கூடுதலாகக் காணப்பட்டது. எனினும் மருந்தே காரணம் என்பதை அவ்வாய்வு தனித்து நிறுவிவிடாது. 2017இல் சுவீடனில் 340 பெண்களுக்கு மாத்திரையும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, மாத்திரை உண்டோரின் மனநலவுணர்வு சிறிது குன்றியது. மனச்சோர்வு நோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. பலருக்கு இம்மருந்தால் மனத்தில் மாற்றமேயில்லை. சிலருக்கு உண்டு என்பதே இவற்றின் சாரம்.

மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கும் இவ்வாறே. 2001இல் வெளியான ஓராய்வில், அப்பருவத்தில் மனச்சோர்வுற்ற 50 பெண்களுள் ஈஸ்திரஜன் ஒட்டுப்பட்டை பெற்றோரில் 68 சதவீதத்தினர் குணமடைந்தனர். வெற்றுப்பட்டை பெற்றோரில் 20 சதவீதத்தினரே குணமடைந்தனர். ஆனால் வயது முதிர்ந்த பின் தரப்படும் ஓமோன் இத்தகைய பயனளிப்பதில்லை. பதகளிப்பைப் பொறுத்தவரை சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பேராய்வின் கூட்டு ஓமோன் பகுதி, மார்புப் புற்றுநோய் முதலிய ஆபத்துகள் காரணமாக 2002இல் இடைநிறுத்தப்பட்டது. அப்பெண்களின் சராசரி வயது 63 ஆதலின், ஐம்பது வயதினருக்கு அம்முடிவுகளை அப்படியே பொருத்துதல் தவறென்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே இம்மருந்து அமிர்தமுமன்று, நஞ்சுமன்று. யாருக்கு, எப்போது, எந்த அளவில் என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை காண, உண்பவளின் வாய்மொழி இன்றியமையாதது.

இனி எலுவன்குளத்துக்கு மீள்வோம். புத்தளம் மாவட்டம் துயரம் அறியாத மாவட்டமன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பல்லாயிரவர் இங்குதான் வந்து கொட்டில்களில் ஒதுங்கினர். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட இந்தக் காடும் கரையும் போரின் எல்லைக்கோடாயின. போர் உள்ளங்களில் விட்ட வடுக்களை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து 1998இல் நூலாக்கினார். கடலுக்குச் சென்றவன் திரும்புவானோ என்று காத்திருப்பவளின் பதைப்பையும், கடன்காரன் படலையைத் திறக்கும் ஓசையில் நடுங்குபவளின் அந்தரத்தையும் சுரப்பியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆயின் நம்மைப் போன்ற முற்போக்காளரும் ஒரு தவறு செய்வதுண்டு. பெண்ணின் எல்லாத் துன்பத்துக்கும் வறுமையே காரணம், சமுதாயம் மாறின் யாவும் மாறும் எனக் கூறி அமைந்துவிடுகின்றோம். இதுவும் அவளைக் கேளாமலே கூறும் விடைதான். ஊசி போட்ட மாதத்திலிருந்து மனம் இருண்டது என்று ஒருத்தி கூறுவாளாயின், அதனை வர்க்கப் போராட்டத்தின் பெயராலும் தள்ளிவிடுதல் ஆகாது. இரசாயனமும் வாழ்க்கையும் அவளது ஓருடலிலேயே சந்திக்கின்றன. எது எவ்வளவு என்பதைப் பிரித்தறிய அவளது சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும்.

இந்நாட்டுக்கு அதற்கேற்ற அடித்தளம் உண்டு. மருத்துவமாது வீட்டுக்கு வருகின்றாள். அவளிடம் பதிவேடு இருக்கின்றது. 35 வயதைக் கடந்தோருக்கென 1996இல் தொடங்கிய சுகநலப் பெண்கள் சிகிச்சை நிலையங்கள் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் புற்றுநோயின் அறிகுறிகளையும் தேடுகின்றன. அங்கெல்லாம் "மனம் எப்படி இருக்குது?" என்று தவறாது கேட்பதற்கும், விடையை அவள் மொழியிலேயே எழுதுவதற்கும், மருந்து ஒத்துக்கொள்ளாதவளுக்கு வேறு வழி காட்டுவதற்கும் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை. ஏழை என்பதாலும் எழுத்தறிவு குறைந்தவள் என்பதாலும் அவளது சாட்சியத்தைத் தள்ளாத மனமே தேவை. ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்குத் துணை செய்யலாம். பள்ளியில் பூப்பைப் பற்றித் தயங்கித் தயங்கி ஒரு பாடம் நடத்துகின்றோம். மாதவிலக்கு நிற்றலைப் பற்றியும் மருந்தின் மனவிளைவுகளைப் பற்றியும் தெளிவான தமிழில் பேசத் தொடங்குவோமாக. தம் தாய்மாரின் அந்தரத்தைச் சிடுசிடுப்பென்று மட்டும் அறிந்து வளர்ந்த பிள்ளைகள் அதன் பெயரை அறியட்டும்.

பேரிளம்பெண்ணோடு நின்றுபோன வரிசையை நாம் தொடர்ந்து எழுதவேண்டியிருக்கின்றது. அதனை எழுதும்போது புலவனையோ கம்பெனியையோ கேட்டு எழுதாமல், கலா ஓயாவின் கரையில் வாழும் அந்தப் பெண்ணைக் கேட்டு எழுதுவோம்.