மான்டிசெல்லோ: ஒரு வீடு, மூன்று குடும்பங்கள்

அமெரிக்காவின் 5 சென்ட் நாணயத்தைப் புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் குவிமாடத்தோடு ஒரு வீடு தெரியும். 1938-லிருந்து (நடுவில் 2004, 2005 தவிர) அதே வீடுதான். பெயர் மான்டிசெல்லோ. வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரும் மூன்றாவது ஜனாதிபதியுமான தாமஸ் ஜெஃபர்சன் தானே வரைபடம் போட்டு, 1769-ல் ஆரம்பித்து, இடித்து இடித்து நாற்பது வருஷம் கட்டிய வீடு.

அதனால் எல்லோரும் ஜெஃபர்சன் வீடு என்கிறார்கள். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு. இந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

சுற்றிலும் இருந்த தோட்டத்திலிருந்து. முதலில் புகையிலை, 1790-களுக்குப் பிறகு கோதுமை. வேலை செய்தவர்கள் அடிமைகள். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார். அதில் 135 பேர் மாமனார் ஜான் வேல்ஸ் 1773-ல் இறந்தபோது மனைவி வழியாக வந்தவர்கள். கூடவே மாமனார் ஆங்கிலேய வியாபாரிகளுக்கு வைத்திருந்த கடனும் வந்தது. சொத்தும் பொறுப்பும் ஒரே பத்திரத்தில்!

அந்த 135 பேரில்தான் இரண்டாவது குடும்பம் இருக்கிறது. எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற அம்மாவும் அவருடைய பிள்ளைகளும். பிள்ளைகளில் ஆறு பேருக்கு அப்பா அந்த மாமனாரே என்பது ஹெமிங்ஸ் குடும்பம் வழிவழியாகச் சொல்லி வந்தது. அப்படியென்றால் 1773-ல் பிறந்த சாலி ஹெமிங்ஸ், ஜெஃபர்சன் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை கூட இல்லை, ஒரே அப்பாவுக்குப் பிறந்த தங்கை. அக்கா வீட்டு எஜமானி, தங்கை வீட்டு அடிமை.

மனைவி 1782-ல் இறந்துபோனார். ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்தபோது, 1787-ல் அவர் மகளுக்குத் துணையாக 14 வயது சாலியை அனுப்பினார்கள். பிரான்ஸில் அவள் வழக்குப் போட்டு விடுதலை கேட்டிருக்கலாம். தனக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்ததால்தான் அம்மா திரும்பி வந்தார் என்று அவர் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-ல் ஒரு பத்திரிகையில் சொன்னார். அதை நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் நம்பவில்லை.

வீட்டுக்குள் ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சாப்பாட்டு அறையில் தட்டு வைக்கும் அலமாரியோடு சுழலும் கதவு, கீழே நிலவறையிலிருந்து ஒயின் பாட்டில் மேலே வரச் சின்ன லிஃப்ட். ஜெஃபர்சனின் புத்திசாலித்தனம் என்று காட்டுவார்கள். சமைத்தவர்களும் பரிமாறுகிறவர்களும் விருந்தாளி கண்ணில் அதிகம் படாமல் இருக்க அது ரொம்ப வசதி என்பதும் உண்மைதானே?

ஜெஃபர்சன் தினசரி செலவை ஏறக்குறைய அறுபது வருஷம் நோட்டில் எழுதினார். ஆனால் மொத்தக் கணக்கு அவர் கைக்குள் அடங்கவே இல்லை. 1826 ஜூலை 4-ல் இறந்தபோது கடன் சுமார் 1,07,000 டாலர். கடனை அடைக்க 1827 ஜனவரியில் வீட்டுச் சாமான், ஆடுமாடுகளோடு 130 மனிதர்களையும் ஏலம் போட்டார்கள்.

உயிலில் ஐந்து ஆண்களுக்கு மட்டும் விடுதலை. சாலியின் மகன்கள் மேடிசனும் எஸ்டனும் அதில் உண்டு. கொல்லர் ஜோசஃப் ஃபாஸெட்டும் உண்டு. ஆனால் அவர் மனைவி, தலைமைச் சமையல்காரி ஈடித்தும் பிள்ளைகளும் ஏலத்தில் போனார்கள். சுதந்திர மனிதனாகப் போகிற அப்பா பார்க்க, 11 வயது பீட்டரை யாரோ வாங்கினார்கள். ஜோசஃப் பிறகு சம்பாதித்து மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். பீட்டருக்கு விடுதலை கிடைக்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. சின்சினாட்டியில் பாதிரியாராக வாழ்ந்தவர், 1900-ல் கிழவராக மான்டிசெல்லோவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாவது குடும்பம் லெவி. யூரையா லெவி கடற்படை அதிகாரி, யூதர். மதச் சுதந்திரத்துக்காக ஜெஃபர்சனைக் கொண்டாடியவர். 1834-ல் பாழடைந்து கிடந்த வீட்டை 218 ஏக்கரோடு 2,700 டாலருக்கு வாங்கிப் பழுது பார்த்தார். (அவரும் அங்கே அடிமைகளை வைத்திருந்தார். சுதந்திரத்தைக் கொண்டாடியவர்தான்!) அவர் அம்மா சமாதி வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்நாட்டுப் போர், வாரிசு வழக்கு எல்லாம் தாண்டி அண்ணன் தம்பி வழியில் வந்த ஜெஃபர்சன் மன்ரோ லெவி 1923-ல் ஓர் அறக்கட்டளைக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றார். கணக்குப் பார்த்தால் ஜெஃபர்சனை விட லெவி குடும்பம்தான் அந்த வீட்டை அதிக காலம் வைத்திருந்தது. நாணயத்தில் வீடு இன்று அடையாளம் தெரிகிற மாதிரி நிற்பதே அவர்களால்தான் என்பேன்.

1998-ல் டி.என்.ஏ. சோதனை எஸ்டன் ஹெமிங்ஸின் வழித்தோன்றலை ஜெஃபர்சன் ஆண் வழியோடு இணைத்தது. சோதனை எந்த ஜெஃபர்சன் என்று தனியாகச் சொல்லாது. ஆனால் மற்ற ஆவணங்களையும் வைத்துப் பார்த்து, மேடிசன் சொன்னது பெரும்பாலும் சரி என்று 2000-ல் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. குன்றில் இருக்கும் குடும்ப மயானம் மட்டும் அறக்கட்டளையுடையது அல்ல, ஜெஃபர்சன் வாரிசுகள் சங்கத்துடையது. 2002-ல் அந்தச் சங்கம் வாக்கெடுத்து, ஹெமிங்ஸ் வாரிசுகளை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. சாலி ஹெமிங்ஸுக்கென்று வீட்டின் தெற்குப் பகுதியில் ஓர் அறை 2018-ல்தான் பார்வைக்குத் திறந்தது.

அடிமைகளைப் புதைத்த இடமும் அந்தக் குன்றில் உண்டு. 40-க்கும் மேற்பட்ட குழிகள், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி.