சங்கீதங்களில் பேசும் ‘நான்’

காலைப் பிரார்த்தனைக்கு மண்டபத்தில் வரிசையாக நின்று சங்கீதங்களை மனனமாக ஒப்புவித்த நாட்களை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 23ஆம், 121ஆம் சங்கீதங்கள் இன்றும் தடங்கலின்றி வாயில் வரும். அவை யாருடைய குரல் என்று அன்று நாம் கேட்டதில்லை.

எபிரேய மொழியில் இந்நூலின் பெயர் ‘தெஹிலிம்’. துதிகள் என்பது பொருள். ஐந்து பகுதிகளில் 150 பாடல்கள். 73 பாடல்களின் தலைப்பில் தாவீதின் பெயர் உண்டு. ஆயினும் எல்லாம் ஒருவர் பாடியவையல்ல, ஒரே காலத்தவையுமல்ல. எருசலேம் ஆலயத்திலே லேவியர் இசையோடு பாடிய பொதுப் பாடல்களுடன், ‘நான்’ என்று பேசும் தனியாளின் பாடல்களும் கலந்திருக்கின்றன.

இங்கே வணக்கம் உடம்பாற் செய்யப்படுவது. வழிபடுதலைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல் நிலம்பட வணங்குதலையே சொல்கிறது. அரசர் முன்னும் பெரியோர் முன்னும் செய்த அதே வணக்கம். எமது வேதாகமத்தில் ‘ஆத்துமா’ என்று வருமிடங்களில் மூலச்சொல் ‘நெஃபெஷ்’. அதற்குத் தொண்டை என்றும் பொருளுண்டு. மானின் தாகத்தைச் சொல்லும் 42ஆம் சங்கீதத்தை இதை அறிந்து வாசித்தால், வறண்ட தொண்டைதான் முதலில் தெரிகிறது.

பயபக்தி என்றால் வாய்மூடி நிற்பது என்றே சிறுவயதில் விளங்கிக்கொண்டோம். (ஆசிரியைமாரும் அதை மறுக்கவில்லை!) சங்கீதக்காரரோ முறையிடுகிறார், கடவுள் தம்மை மறந்துவிட்டாரோ என்று கேட்கிறார். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பாடல்கள் இத்தகைய புலம்பல்களே. பெரும்பாலானவை முடிவில் நம்பிக்கைக்குத் திரும்புகின்றன. 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பது. தொகுத்தோர் அதையும் நீக்காமல் வைத்தார்கள். எமக்கு அது மனனத்துக்குத் தரப்பட்டதாக ஞாபகமில்லை.

இவ்வளவு துணிந்து பேசிய பாடல்களைப் படியெடுத்தோரின் பணிவு இன்னொரு விதம். சாக்கடலருகே கும்ரானின் 11ஆம் குகையில் 1956இல் கிடைத்த சங்கீதச் சுருளில், பாடல்கள் அக்காலத்து வழக்கமான சதுர எழுத்தில் உள்ளன. கடவுளின் பெயர் மட்டும் மிகப் பழைய எபிரேய எழுத்தில். பெயர் வரும் இடந்தோறும் எழுத்தே மாறுகிறது.

எமக்கு இப்போது நெருக்கமானது 131ஆம் சங்கீதம். எருசலேமுக்கு யாத்திரை போனோர் பாடியவை எனக் கருதப்படும் பதினைந்தில் ஒன்று, மூன்றே வசனங்கள். பாடுபவரின் உள்ளம், தாயிடம் அமைதியாயிருக்கும் பால்மறந்த பிள்ளைக்கு ஒப்பிடப்படுகிறது. மூலத்தை ‘என்மேலிருக்கும் பிள்ளை’ என்றும் கொள்ள இடமிருப்பதால், இதைப் பாடியவர் ஒரு தாயாக இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் எண்ணுகின்றனர். தலைப்பில் தாவீதின் பெயர்தான் இருக்கிறது. நாமோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எருசலேம் மலைப்பாதையில் ஏறிப்போன ஒருத்தியின் குரலாக அதை வாசித்துப் பார்க்கிறோம்.