வீடு தேடி வந்த சினிமா

சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் கொட்டகைகளின் சரித்திரத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தக் கொட்டகை முதலில் வந்தது, எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பதெல்லாம் அவற்றில் விவரமாக இருக்கும். நல்ல காரியந்தான். ஆனால் கொட்டகைக்குப் போக முடியாதவர்களும், போகக் கூடாது என்று வைக்கப்பட்டவர்களும் படம் பார்த்த கதையை யாரும் அதிகமாகச் சொன்னதாகக் காணோம்.

கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்த ஆனந்தத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைத்ததுமே எனக்கு என் அத்தைப் பாட்டியின் ஞாபகந்தான் வந்தது. அவளிடம் வந்து சேருவதற்கு முன்னால் பாரிஸ் பட்டணம் வரைக்கும் ஒரு நடை போய் வர வேண்டியிருக்கிறது. வாசகர்கள் சிரமத்தைப் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

1895-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் ஒரு காப்பி ஹோட்டலின் நிலவறையில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சலனப் படம் காட்டினார்கள். அன்று காட்டிய பத்துத் துண்டுப் படங்களில் ஒன்றில், அண்ணன் லூமியேரும் அவர் மனைவியும் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து தங்கள் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆகவே சினிமா பிறந்த அன்றே குடும்பப் படமும் பிறந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போன சினிமா, திரும்ப வீட்டுக்கு வருவதற்குத்தான் வெகு காலம் பிடித்தது.

அதற்கு முக்கியமான காரணம் நெருப்பு. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் என்ற வஸ்துவால் ஆனது. ஒரு பொறி பட்டால் போதும், தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாமல் எரியும். இது போதாதென்று படம் காட்டும் யந்திரத்தின் விளக்கும் ஆபத்தானது. 1897 மே மாதத்தில் பாரிஸில் நடந்த ஒரு தர்மச் சந்தையில், விளக்குக்கு ஊற்றிய ஈதர் தீப்பற்றி 120 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்பேர்ப்பட்ட பூதத்தை எந்தக் குடும்பஸ்தன் கூடத்தில் கொண்டு வந்து வைப்பான்?

எளிதில் தீப்பற்றாத பிலிம் வந்த பிறகு நிலைமை மாறிற்று. 1922-ல் கிறிஸ்துமஸ் சமயம் பார்த்து, பாதே கம்பெனியார் 'பாதே பேபி' என்ற சின்ன யந்திரத்தைப் பிரான்ஸில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். காப்பிக் கொட்டை அரைப்பது போலக் கையால் சுற்ற வேண்டியது. பிலிமின் அகலம் ஒன்பதரை மில்லிமீட்டர். துவாரங்கள் ஓரத்தில் இல்லாமல் நட்டநடுவில் இருக்கும். அதில் ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஊமைப் படமல்லவா? நடு நடுவே எழுத்துக்கள் வரும். அவற்றைப் படித்து முடிக்கும் வரை காட்ட வேண்டுமானால் பிலிம் ஏராளமாகச் செலவாகும். அதற்காகப் பிலிம் ஓரத்தில் ஒரு சிறு வெட்டுப் போட்டு வைத்தார்கள். அந்த இடம் வந்ததும், கை சுற்றிக்கொண்டே இருந்தாலும் படம் மட்டும் சற்று நேரம் தானாக நிற்கும். வீட்டுக்காரரின் சிக்கனம் தெரிந்த மூளை!

மறு வருஷமே, 1923-ல், அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 16 மில்லிமீட்டர் பிலிமைக் கொண்டு வந்தது. வீட்டில் போட்டுப் பார்க்கப் படங்களை வாடகைக்கு விடும் நிலையங்களையும் பிற்பாடு அதுவே நடத்திற்று. 1932-ல் இன்னும் மெலிந்து 8 மில்லிமீட்டர் பிலிம் வந்தது. இவையெல்லாம் நம் நாட்டுக்கும் வந்தனதாம். ஆனால் சொந்தத்தில் யந்திரம் வாங்கி, சுவரில் துணி கட்டிப் படம் போட்டுப் பார்க்கக் கூடியவர்கள் ஜமீன்தார்களும் மில் சொந்தக்காரர்களுமே. மற்றவர்களுக்குச் சினிமா என்றால் கொட்டகை. கொட்டகை என்றால் மணல், பெஞ்சு, நாற்காலி. நடுவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு தடுப்பு.

என் அத்தைப் பாட்டி என் தாத்தாவின் தங்கை. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுடனேயே இருந்தாள். 1953-ல் ஜெமினியாரின் 'ஔவையார்' வெளிவந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. கே. பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டுக்களைக் கேட்டே வளர்ந்தவள் அவள். "படம் கும்பகோணத்துக்கு வரட்டும், அழைத்துப் போகிறேன்" என்று அவள் புருஷன் சொல்லியிருந்தாராம். படம் கும்பகோணத்துக்கு வந்தது. அதற்குள் அவர் விஷ ஜுரத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் கொட்டகைப் படி ஏறவில்லை. ஏறக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். சுந்தராம்பாளும் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் காலமானபோது அந்த அம்மாளுக்கு இருபத்தைந்து வயது. அன்றிலிருந்து வெள்ளைப் புடைவைதான். 1935-ல் 'நந்தனா'ராக ஆண் வேஷம் கட்டி வந்தார். பிற்பாடு நரைத்த கிழவி ஔவையாக வந்தார். வெள்ளைப் புடைவை உடுத்த அந்த அம்மாளைத் திரையில் பார்த்து ஊரெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டது. வீட்டிலிருந்த வெள்ளைப் புடைவைகள் மட்டும் அவரைப் பார்க்கப் போகவில்லை.

நிற்க. இந்தியாவில் டெலிவிஷன் டில்லியில் 1959 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ல் வந்தது. வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம். பெட்டி வைத்திருந்தவர் வீட்டில் அன்று தெருவே கூடும். ஆனால் நிலையத்தார் போட்டதைத்தான் நாம் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டியதை நாமே போட்டுக்கொள்ளும் சௌகரியத்தைக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். 1975-ல் ஸோனி கம்பெனி 'பீட்டாமாக்ஸ்' என்ற வீடியோ யந்திரத்தை வெளியிட்டது. அதன் முதல் கேசட்டு ஒரு மணி நேரந்தான் ஓடும். அடுத்த வருஷம் ஜே.வி.ஸி. கம்பெனியார் வி.எச்.எஸ். என்பதைக் கொண்டு வந்தார்கள். அது இரண்டு மணி ஓடிற்று. பிற்பாடு மூன்று மணி நேரக் கேசட்டு வந்தது. பாட்டும் சண்டையும் ஹாஸ்யமுமாகத் தமிழ்ப் படம் முழுசாக ஒரே கேசட்டில் அடங்கியது அப்புறந்தான்.

அமெரிக்கப் படக் கம்பெனிகள் இந்த யந்திரத்தின் மேல் வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நாலு பேர் மறுபக்கமுமாக, வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று அங்கே தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு ஓட்டில் தப்பித்தது யந்திரம்! அதே 1984-ல் நம் பாராளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கேசட்டின் மேல் தயாரித்தவர் பெயரும் தணிக்கைச் சான்றின் நகலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டிலும் அந்த வருஷமே, வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் செய்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த கேசட்டுக்களில் கார்பன் பேனாவால் எழுதிய படத்தின் பெயரைத் தவிர வேறொன்றையும் நான் கண்டதில்லை. அதற்கான நியாயத்தை வக்கீல்களிடம் விட்டு விடுகிறேன்.

டெக் என்று சொன்னால்தான் எங்கள் ஊரில் புரியும். அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். முழுப் பரீட்சை முடிந்து, அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் வந்து வீடு நிறைந்ததும், நாலைந்து வீட்டார் சேர்ந்து பணம் போடுவார்கள். டெக்காரர் மொபெட்டின் பின்னால் கலர் டி.வி. பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருவார். வரும் வழியெல்லாம் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம். சுவாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேராது. பிரான்ஸ் தேசத்தில் வீட்டு சினிமா ஒரு குடும்பத்தின் சொத்து. இங்கே அது ஒரு தெருவின் சீட்டுப் பணம். வாசல் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் எவரும் டெக் பார்த்ததில்லை.

1990 மே மாதம். எனக்குப் பத்து வயது. அன்று மூன்று கேசட்டுக்கள் வந்தன. குழந்தைகளுக்காக 'மை டியர் குட்டிச்சாத்தான்'. பெரியவர்களுக்காக 'பட்டணத்தில் பூதம்'. மூன்றாவதாக என்ன வேண்டும் என்று டெக்காரர் முதல் நாளே கேட்டபோது, உரலடியில் உட்கார்ந்திருந்த அத்தைப் பாட்டி, "ஔவையார் கிடைக்குமா, தம்பி?" என்று கேட்டிருந்தாள். அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. டெக்காரர் எங்கிருந்தோ தேடிக் கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆரம்பித்தோம். 'குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். 1984-ல் மலையாளத்தில் வந்தது. தமிழிலும் பேச வைத்தார்கள். கொட்டகையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர்கள், திரையிலிருந்து சாமான்கள் மூக்குக்கு நேரே வந்ததாகக் கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம். பெட்டியிலிருந்து ஒன்றுமே வெளியே வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு 'பட்டணத்தில் பூதம்' ஓடி முடிகையில் மணி பன்னிரண்டரை. அத்தைப் பாட்டியின் படத்தைப் போட வேண்டிய வேளை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. நமக்குக் கண்ணாடி இல்லாததுதான் கோளாறு! பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிக் காகிதத்தை ஒட்டி ஒரு கண்ணாடி செய்திருந்தேன். குட்டிச்சாத்தானை மறுபடியும் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அப்பா அதட்டினார். "இருக்கட்டும்டா, குழந்தைகள் பார்க்கட்டும். எனக்கு என்ன அவசரம்?" என்றாள் அத்தைப் பாட்டி. மறுபடியும் ஓட்டினார்கள். மறுபடியும் ஒன்றும் வெளியே வரவில்லை. முடிகிற சமயம் மின்சாரம் வேறு நின்று போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

தாகம் எடுத்து நான் கண் விழித்தபோது விடியற்காலை. கூடம் முழுவதும் பிள்ளைகளும் பெரியவர்களும் தாறுமாறாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் விழித்துக்கொள்ளக் கூடாதென்று சத்தத்தை வெகுவாகக் குறைத்து வைத்துவிட்டு, அத்தைப் பாட்டி பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில், தூணில்கூடச் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். படத்தில் மழை பெய்வது போலக் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அவள் முகத்தில் ஆடிற்று. அவள் அழவில்லை. பாட்டு வரும்போது உதடு மாத்திரம் அசைந்தது.

ஆறு மணிக்கு டெக்காரர் வந்து நின்றார். இன்னும் அரை மணிப் படம் பாக்கி. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பக்கத்து ஊரில் காதுகுத்து, அண்ணே. ஏழு மணிக்குப் பெட்டி அங்கே இருக்கணும்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை, பாவம், அவர் பிழைப்பு அது.

"தம்பி எடுத்துக்கிட்டுப் போகட்டும். மிச்சக் கதை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அத்தைப் பாட்டி பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த கோடையில் பார்த்துக் கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த கோடையில் அவள் இல்லை.

பிற்பாடு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். 1993-ல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்தது, கேபிள் வந்தது, தினம் ஒரு படம், இரண்டு படம் என்று ஆயிற்று. டெக்காரர்கள் வேறு தொழில் பார்க்கப் போனார்கள். உலகத்தில் கடைசியாக வி.எச்.எஸ். யந்திரம் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இப்போது என் வீட்டில் கோடை விடுமுறை என்றால், ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு கைப்பேசி. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று இது இருந்திருந்தால் அத்தைப் பாட்டி முப்பத்தேழு வருஷம் காத்திருந்திருக்க மாட்டாள்.

போன மே மாதம் ஒரு ராத்திரி, கூடத்து டி.வி.யில் 'ஔவையார்' போட்டேன். என் பெண்ணும் பிள்ளையும் கால் மணி நேரம் மரியாதைக்காக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். போகும்போது பெண் திரும்பி, "அப்பா, கதை புரிகிறதா உனக்கு? தனியாக உட்கார்ந்திருக்கிறாயே!" என்று கேட்டாள்.

கதை எனக்குத் தெரிந்ததுதான். கடைசி அரை மணிக்காகத்தான் போட்டேன். அதை முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்தபோது மணி பன்னிரண்டரை.