நிறுவையும் மனிதனும்

தராசு வாணிபத்தின் தேவையாற் பிறந்தது. சந்தைக்குரிய அக்கருவியில் மனிதனை ஏற்றி, உடலின் இயக்கத்தை ஆராய முற்பட்டவர்களுள் முன்னோடி இத்தாலிய வைத்தியரான சந்தோரியோ. தராசிலே தொங்கவிட்ட ஆசனத்தில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் நிறுத்துப் பார்த்த அவர், 1614இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். உண்டதிற் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே உடலைவிட்டு நீங்குகிறது என்பது அவர் கண்ட உண்மை.

1835இல் பெல்ஜிய அறிஞர் கெட்லே 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை விளக்கி நூலொன்றை வெளியிட்டார். வளர்ந்தோரின் நிறை, உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப அமைவதை அவர் அவதானித்தார். அவர் தேடியது சமூகத்தின் சராசரியையேயன்றி நோயின் அடையாளத்தை அன்று. ஆயின் 20ஆம் நூற்றாண்டில், ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் வகுத்த நிறை அட்டவணைகள் மனிதரை ஏற்பதற்கும் விலக்குவதற்கும் அளவுகோலாயின. அவ்வளவுகோலின் குறையை 1942இல் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் பென்கே அம்பலப்படுத்தினார். அட்டவணைப்படி மிகை நிறையுடையோராகக் கணிக்கப்பட்ட அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் பலரை நீருள் அமிழ்த்தி நிறுத்தபோது, அவர்களின் மிகை நிறை கொழுப்பன்று, தசையே என்பது தெளிவாயிற்று. எனினும் 1972இல் கெட்லேயின் விகிதம் 'உடற்றிணிவுச் சுட்டி' என்ற புதுப்பெயருடன் உலகை வலம்வரத் தொடங்கியது.

பிரெஞ்சு வைத்தியர் தொமசே 1962இல் உடலினூடு மென்மின்னோட்டத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். நீர் நிறைந்த தசை மின்னை எளிதிற் கடத்தும், கொழுப்பு தடுக்கும். 1990களில் யப்பானியத் தனிடா நிறுவனம் இத்தத்துவத்தை வீட்டுத் தராசாக்கிற்று.

இங்கே நாம் ஒன்றை மறத்தலாகாது. இத்தராசு கொழுப்பை நிறுப்பதில்லை. மின்தடையை அளந்து, வயது, பால், உயரம் என்பவற்றோடு சேர்த்து, ஒரு சமன்பாட்டால் ஊகிக்கிறது. அச்சமன்பாடு எம்மக்களின் உடல்களை ஆராய்ந்து வகுக்கப்பட்டது என்பதே கேள்வி. ஒரே சுட்டியிலும் ஆசியர் உடலிற் கொழுப்பு மிகுந்திருத்தலைக் கருதி, உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் எமக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கை எல்லைகளாகச் சேர்த்துக் கூறியது. பிறர் உடலில் வகுத்த வாய்பாட்டை எமக்கும் பொருத்துவதன் அபாயம் இதனாற் புலனாகும்.

ஆகவே தராசு வாங்குவோர், அதன் கணிப்பு ஆசியருக்குப் பொருந்துமா என விசாரித்தல் வேண்டும். பாதத்தை மட்டும் தொடும் தராசில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களினூடாகவே செல்லும். கைப்பிடியும் உள்ளது மேலுடலையும் தழுவும். காலையில், உண்ணுமுன், மலசலம் கழித்தபின், வெறுங்காலுடன், ஒரே தராசில் ஏறுதல் நன்று. நீரருந்தினாலும் வியர்த்தாலும் எண் மாறுமாதலால், ஒருநாட் கணக்கை விடுத்து வாரக்கணக்கான போக்கையே நோக்குக. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

உடலை அறிய மனிதன் தராசைத் துணைக்கொண்டான். அது காட்டும் எண்ணைக் கேள்வியின்றி ஏற்பவன், யாரோ வகுத்த சராசரிக்குத் தன்னை அடிமையாக்குகிறான். அதன் வரலாறறிந்து பயன்படுத்துபவனுக்கே அது கருவியாகும்.